பதினேழாம் நம்பர் மெஷின்

போன கிழமை ரபாயேலைப் பதினேழாம் நம்பர் மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். பாவம் மனிதர், இன்னும் எழும்பவில்லை.

இடையில் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கியும் தூங்காமலும் இரண்டு இரவைக் கழித்தார். அதெல்லாம் கணக்கில் வராது. இந்தப் புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு அதே சீமெந்துத் தரையில், அதே கிழிந்த பெட்டி மட்டையை முதுகுக்கு விரித்து, மல்லாந்து கிடந்தார். நாற்பத்தைந்து வயது முதுகு. படுக்கும்போது ஒரு முறை முனகும், எழும்பும்போது இரண்டு முறை.

விட்ட இடம் மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலாபத்வலயில் ஏ-நைன் ரோட்டோரம் இருக்கும் கார்மண்டில், அதாவது உடுப்புத் தைக்கும் ஆலையில், ரபாயேல் மெஷின் மெகானிக். அவருடைய மகள் மார்ஜரி, இருபது வயது, அங்கேயே பதினேழாம் நம்பரில் தைக்கிறாள். போன மாதம் அவளுடைய சுட்டுவிரலுக்குள் ஊசி ஏறி முறிந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்துத் தையல் போட்டார்கள். ஒரு கிழமை வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அவள் வந்த மூன்றாம் நாள் மெஷினுக்குச் சுகமில்லாமல் போனது.

பெடலை மிதித்தால் ஒரு குலுக்கல். பிறகு காய்ச்சல்காரர் மாதிரி உதறல். கட்டுப்பாட்டுப் பெட்டியின் சின்னக் கண்ணாடியில் ஏழாம் நம்பர் சிவப்பாக எரியும், மெஷின் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் கால்மணி நேரம் ஓடும். பிறகு அதே கதை.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பழைய மோட்டர்களைக் கழற்றிவிட்டு சேர்வோ மோட்டர் பூட்டியிருந்தார்கள். பழையது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகல் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். புதியது கால் வைத்தால் முழிக்கும், காலை எடுத்தால் தூங்கிவிடும். கரண்ட் மிச்சமென்று முதலாளிக்குச் சந்தோஷம். பழையதைச் சுத்தியலும் கிரீசும் வைத்தே சமாளித்துவிடலாம். புதியதுக்கு மூளை இருந்தது. மூளை இருப்பது எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கோபித்துக்கொள்ளும்.

ரபாயேல் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து மெஷினின் பெடலை மாற்றிப் பார்த்தார். பெட்டியையே மாற்றிப் பார்த்தார். பட்டியைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினார், வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. பட்டி இல்லாமலும் மோட்டர் உதறியது. சரி, கோளாறு மோட்டரில்தான் என்று போன வெள்ளிக்கிழமை ஸ்டோரிலிருந்து புத்தம் புதியதை எடுத்துப் பூட்டினார். திங்கட்கிழமை மத்தியானம் அதுவும் ஏழாம் நம்பரைக் காட்டியது.

அங்கேதான் விவகாரம் மெஷினை விட்டு மனிதர்களுக்கு ஏறியது. லைன் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது ஆமிக்குப் போகும் பச்சைச் சேட். ஒரே மேசையில் அடுத்தடுத்து இரண்டு மோட்டர் பழுது. இரண்டையும் தொட்டது ஒரே கை. அது ஒரு தமிழனின் கை. வருஷமோ 2008, வடக்கில் சண்டை மும்முரம்.

செக்கியூரிட்டிக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். எல்லோரும் சார்ஜன் மாத்தயா, அதாவது சார்ஜன் ஐயா, என்பார்கள். திங்கட்கிழமை மாலை அவர் சட்டைப் பையிலிருந்து நீலமட்டைக் கொப்பியை எடுத்து, பதினேழை யார் யார் எப்போது திறந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுதுகிற மனிதர், அவ்வளவுதான்.

ரபாயேலுக்கு எழுதப்படுவதென்றால் பயம். பெப்ரவரியில் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்த மறுநாள் அவரைக் கலேவெலயில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஐடென்டிகாட் வீட்டில், வேறு சேட்டின் பையில் கிடந்தது. இரண்டு இரவு உள்ளே இருந்தார். அடிக்கவில்லை, பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரின் பக்கத்தில் இன்னொரு தடவை எழுத இடம் கொடுக்கக்கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அவருடைய ஒரே ஆசை. வேறு ஆசைப்பட அவருக்குத் தெம்பும் இல்லை.

"இன்னைக்குப் பகலுக்குள்ள சரி வரலைன்னா?" என்று காலையில் வரும் வழியில் மார்ஜரி கேட்டிருந்தாள்.

"கொழும்புலருந்து ஆள் கூப்பிட்டு ரிப்போட் எழுதுவாங்களாம்."

"அப்பா..."

"என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

அந்த 'ஒண்ணுமில்ல'வை ரபாயேல் அப்போதே பிடித்துக் கேட்டிருக்கலாம். களைத்த மனிதருக்கு 'ஒண்ணுமில்ல' என்ற சொல் ஒரு வரம், கேட்ட உடனே வாங்கிக்கொண்டார்.

"இதத் தெறந்துதான் பாக்கணும் ஜுனைதீன் நானா," என்றார் மெஷினுக்கு அடியிலிருந்து. ஜுனைதீன் அவரோடு வேலை செய்யும் மற்ற மெகானிக். மாத்தளை டவுன்காரர், இவரைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் 'நானா', அண்ணன்.

"புது மோட்டரையா? பின்மூடிய நாங்க தெறந்தா கெரண்டி இல்லண்டு எழுதி ஈக்குதே."

"கெரண்டி போனாப் போகட்டும். நான் போகாம இருந்தா சரி."

ஜுனைதீன் வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு ஸ்குரூட்ரைவரை நீட்டினார். கரண்டை அணைத்து, பெட்டியின் சின்ன விளக்கு அணையும் மட்டும் இருவரும் காத்திருந்தார்கள். நான்கு ஆணிகள். மூடி கழன்றது.

உள்ளே ஒரு மெல்லிய வட்டத்தட்டு. அதன் ஓரம் முழுக்க முடியைவிட மெல்லிய கோடுகள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், மறுபக்கத்தில் ஒரு கண் அந்தக் கோடுகளை எண்ணும். ஊசி மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று அந்தக் கண்தான் பெட்டிக்குச் சொல்லும். கோட்டில் அழுக்குப் பட்டால் எண்ணிக்கை தவறும், பெட்டி குழம்பும், மோட்டர் உதறும். இரண்டு நாள் ட்ரெய்னிங்கில் ரபாயேல் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் அதை நன்றாக விளங்கியிருந்தார்.

தட்டின் மேல் தூசி படிந்திருந்தது.

"துணித்தூசி," என்றார் ஜுனைதீன்.

ரபாயேல் டோர்ச்சைக் கிட்டப் பிடித்தார். "நானா, நாம தைக்கிறது என்ன நெறம்?"

"பச்ச."

"இது என்ன நெறம்?"

ஜுனைதீன் குனிந்து பார்த்தார். செம்மண் நிறம். கார்மண்டில் பச்சைத் தூசி உண்டு, வெள்ளை நூல் தூசி உண்டு, கரி உண்டு. மண் எங்கிருந்து வரும்? தரை முழுக்கச் சீமெந்து.

ரபாயேல் விரலை மோட்டரின் முதுகில் வைத்துத் தடவினார். காற்று இழுக்கும் துவாரத்துக்குப் பக்கத்தில் எறும்பு போன தடம் போல மெல்லியதாக மண். மேலிருந்து விழுந்திருக்கிறது. டோர்ச்சை மேலே திருப்பினார். மேசைப் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையிலிருந்த சந்தில், மோட்டரைக் கழற்றி வேறு பூட்டியும் அவர் கண்ணில் படாத இடத்தில், பெருவிரல் அளவு துணிப் பொட்டலம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. மெஷின் அதிர அதிர அதன் ஒரு மூலை விட்டுக்கொடுத்திருந்தது.

வெள்ளைத் துணியில் நீலப்பூ. மார்ஜரி கோயிலில் உறுதிபூசுதலுக்குப் போட்ட கவுனின் துணி. ஓரத்தில் கைத்தையல். அந்தத் தையலை அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய பொத்தானைத் தைத்துத் தருகிற மனைவியின் தையல் அது.

லூசியா.

ரபாயேலுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தார். அலுமாரிக்குள், லாச்சியில், ஒரு மோல்ட் மா டின்னில் இருந்த மண் ஞாபகம் வந்தது. 2003 ஆவணித் திருவிழாவுக்கு, சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்ச நாளில், குடும்பத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போய் எடுத்துவந்த மண். பாம்பு அண்டாது, விஷம் ஏறாது, விபத்து நெருங்காது என்று லூசியா அதை நகையைப் போல வைத்திருந்தாள். பிள்ளையின் விரலில் ஊசி ஏறிய பிறகு அதிலொரு பிடி மெஷினைக் காக்க வந்திருக்கிறது. மெஷினில் எதையும் தொங்கவிட்டால் ரபாயேல் கத்துவார் என்று தெரிந்ததால் ரகசியமாக வந்திருக்கிறது.

"இங்க என்னமோ கட்டி ஈக்குது," என்றார் ஜுனைதீன். பிறகு ரபாயேலின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட வீட்டுச் சாமானா? தாங்க, நான் என்ட சோத்துப் பார்சலுக்குள்ள வச்சிர்றேன்."

"வேணாம் நானா. ஒங்களையும் சேத்து எழுதுவாங்க."

மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் பின் மெஷினில் இருந்த இன்னொரு பிள்ளைக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அவள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கட்டியிருந்த பொட்டலம் தெரிந்தது.

"பார்சல்!"

அந்த வருஷம் அந்தச் சொல்லுக்குச் சோறு மறந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில், இந்தக் கார்மண்டின் கேட்டில்கூட ஒட்டியிருந்தார்கள், சந்தேகமான பார்சலைக் கண்டால் தொடாதீர்கள் என்று. சொல் லைன் வழியாக ஓடியது. ஒரு கதிரை விழுந்தது. நாற்பது பெண்கள் மெஷினை விட்டெழுந்து சுவரோடு ஒதுங்கினார்கள். தையல் சத்தம் முழுவதும் நின்றபோது வெளியே ரோட்டில் லொறி போவது கேட்டது.

மார்ஜரி மட்டும் தன் இடத்தைவிட்டு அசையவில்லை.

சார்ஜன் மாத்தயா ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார். குனிந்து பார்த்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லப் போனவரை ரபாயேல் தடுத்தார்.

"மாத்தயா, இது மண். வெறும் மண்," என்றார் சிங்களத்தில். சொல்லிக்கொண்டே பொட்டலத்தை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

சார்ஜன் மாத்தயா ஒரு சிட்டிகை எடுத்து மணந்தார். விரலுக்கிடையில் தேய்த்தார். தட்டில் படிந்ததையும் பார்த்தார். இரண்டு மோட்டரும் ஏன் நின்றன என்று அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினை.

"இதைக் கட்டியது யார்?"

மார்ஜரி வாயைத் திறந்தாள். "நா..."

"நான்தான்," என்றார் ரபாயேல். உரத்த குரலில், மகளைத் திரும்பிப் பார்க்காமல், சிங்களத்திலேயே இன்னொரு தடவை சொன்னார். "மம தமயி, மாத்தயா."

"மெகானிக்கே மோட்டருக்கு மண் போட்டானா?"

"பிள்ளைக்கு விரலில் ஊசி ஏறியது, உங்களுக்குத் தெரியுமே. காவலுக்குக் கட்டினேன். கோயில் மண். கொட்டுமென்று நினைக்கவில்லை."

"எந்தக் கோயில்?"

"மடு."

சொன்ன பிறகுதான் ரபாயேலுக்கு உறைத்தது. அவருக்கு அது மாதாவின் பெயர். மெழுகுதிரியும் பாலைமர நிழலும் சனக்கூட்டமும் நிறைந்த பெயர். எதிரே நின்றவருக்கு அது ரேடியோவில் இரவும் பகலும் கேட்ட பெயர். அந்த வருஷம் சண்டை அந்தக் காட்டு வழியாகத்தான் போயிருந்தது. இருவரும் ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு நுனி.

"மடுவிலிருந்து எப்போது வந்தது? யார் கொண்டுவந்து கொடுத்தது?"

"அஞ்சு வருஷத்துக்கு முன், மாத்தயா. திருவிழாவுக்குப் போனபோது."

"யாரோடு போனாய்?"

"கோயில் பஸ்ஸில்."

அது பொய். அவர்களைக் கூட்டிப்போனது, தங்க இடம் கொடுத்தது, அந்த மண்ணைத் தன் கையால் அள்ளிக் கட்டிக் கொடுத்தது லூசியாவின் அண்ணன் நோபர்ட். மன்னார்ப் பக்கம் உபதேசியார். ஆறு மாதமாக அவரிடமிருந்து கடிதமில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அந்தப் பெயர் மட்டும் அந்தக் கொப்பிக்குள் போகக்கூடாது.

நீலமட்டைக் கொப்பி திறந்தது. சார்ஜன் மாத்தயா நிறைய எழுதவில்லை. தேதி, நேரம், ரபாயேலின் பெயர். அதற்குக் கீழே ஒரு சொல் எழுதி அடியில் கோடு போட்டார். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ரபாயேலுக்குத் தலைகீழாகவும் அந்தச் சொல் தெரிந்தது: மடு.

"நான் சும்மா விட்டாலும் மற்றவர்கள் விடமாட்டார்கள். நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்," என்றார் சார்ஜன் மாத்தயா, கொஞ்சம் சங்கடத்தோடுதான். "நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு மாத்தளைப் பொலிஸுக்கு வா. ஐடென்டிகாட்டைக் கொண்டு வா. நானும் வருவேன்."

உள்ளங்கை மண்ணைத் திரும்பப் பொட்டலத்தில் போடச் சொல்லி, அதைக் கவரில் வைத்து ஒட்டி, எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு என்ன, வேலைதான். ரபாயேல் மெல்லிய பிரஷால் தட்டைத் துடைத்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கோடு கோடாகத் தடவினார். போன கிழமை கழற்றிய முதல் மோட்டரையும் திறந்து அதேபோல் செய்தார். துடைத்த மண்ணைக் குப்பைக்கூடைக்கு மேல் பிடித்தார். கை தட்ட மறுத்தது. ஜுனைதீன் ஒரு வெறும் ஊசிப் பெட்டியைத் திறந்து கீழே நீட்டினார்.

"நாளைக்கி நானும் வாறேன்," என்றார். "மோட்டர ஒங்களோட தெறந்தது நான்தானே."

பத்தரைக்குப் பதினேழாம் நம்பர் ஓடியது. ஒரு குலுக்கல் இல்லை. ஊசி சொன்ன இடத்தில் நின்றது. இரண்டு கிழமையாக ஒருவராலும் முடியாததைச் செய்து முடித்த மனிதருக்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மார்ஜரி மாலை வரை பச்சைச் சேட்டுக்குக் கை தைத்தாள். இடைக்கிடை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

வேலை விட்டு இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"அம்மாதான் குடுத்தாங்க. நான்தான் கட்டினேன். நீங்க ஏம்பா உங்க பேரச் சொன்னீங்க?"

"எம்பேர் ஏற்கெனவே எழுதினதுதான். ஒம்பேரு எதுக்குப் புதுசா?"

"காலையிலேயே சொல்ல வந்தேன்ப்பா. பயமா இருந்துச்சு."

"எனக்கும் கேக்கப் பயமா இருந்துச்சு. விடு."

வீட்டில் லூசியாவிடம் மறைக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாள், பாதி விளங்கிவிட்டது. மீதியை மார்ஜரி அழுதுகொண்டே சொன்னாள். லூசியா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒங்க மோட்டருக்குள்ள போகும்னு எனக்கு என்னங்க தெரியும்? எனக்குப் பிள்ளையோட வெரல் மட்டுந்தான் கண்ணுல நின்னுச்சு." தலையில் கைவைத்துக்கொண்டாள். "நாளைக்கு நானே போறேன். என் கையால செஞ்சது."

"நீ போனா யாரு குடுத்தான்னு கேப்பாங்க. ஒனக்குப் பொய் சொல்ல வராது. நோபர்ட் மச்சான் பேர் வந்துரும்."

அண்ணனின் பெயரைக் கேட்டதும் லூசியா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ரபாயேலுக்குப் படுத்துவிட வேண்டும் போலிருந்தது, எங்கேயாவது, சீமெந்துத் தரையானாலும் சரி.

படுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். லூசியா திறந்து பார்த்தாள்.

"எண்ணெய் மணக்குது."

"மோட்டருக்குள்ள இருந்தது. பொட்டலத்த அவங்க எடுத்துக்கிட்டாங்க. டின்னுல மிச்சம் இருக்கா?"

"எங்க இருக்கு? கடைசிப் பிடியத்தான் பிள்ளைக்குக் குடுத்தேன்." பெட்டியை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இனி எப்ப போய் எடுக்க?"

ரபாயேல் எழுந்து கொடியில் காய்ந்த வெள்ளைச் சேட்டை எடுத்துவந்தார். நாளைக்குப் போடுவது. பையில் ஐடென்டிகாட்டை முதலில் வைத்தார், வைத்ததை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு சேட்டை லூசியாவின் மடியில் போட்டார்.

அந்த மண்ணைக் கொண்டுபோவது ஆபத்து என்று அவருக்குத் தெரியும். மடு மண்ணுக்காகக் கூப்பிட்ட இடத்துக்கு மடு மண்ணையே கட்டிக்கொண்டு போகிற மடையன் உலகத்தில் இருப்பானா? ஆனால் அது இல்லாமல் அந்தப் படியேறவும் அவருக்குத் தைரியமில்லை. அவரே அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

"காலர்ல வைக்காத, தடவிப் பாப்பாங்க," என்றார். "அடி மடிப்புல வை. இம்மிதான். மிச்சம் பிள்ளைக்கு இருக்கட்டும்."

லூசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்ததால் ஊசியின் துவாரம் தெரியவில்லை. மார்ஜரி தையல் போட்ட விரலை நீட்டி ஊசியை வாங்கி நூல் கோக்கப் போனாள்.

"ரெட்ட நூலாக் கோரும்மா," என்றாள் லூசியா. "போன தடவ ஒத்த நூல்ல தச்சேன். அதுதான் கொட்டிருச்சு."